முகடும் தயிர்வடையும்

நவம்பர் 3, திங்கள்

தயிர்வடை மறுபடியும் அழித்துவிட்டான்.

இந்த டைரியைப் பிற்பாடு யாராவது எடுத்துப் படித்தால், கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைக்கக்கூடும். ஆகவே விளக்கமாகவே எழுதுகிறேன். தயிர்வடை என்பது இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒருவன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற களஞ்சியம் அது. பாளையங்கோட்டையில் முப்பத்திரண்டு வருஷம் புள்ளியியல் பாடம் எடுத்த நான், நிகழ்தகவைப் பற்றி ஒரு தயிர்வடையிடம் வாதாட வேண்டியிருக்கிறது. அங்கே என் பெயர் முகடு. ஒரு தொகுப்பில் அதிகத் தடவை வருகிற எண்ணுக்கு முகடு என்று பெயர். பெயர் வைப்பதிலாவது ஒரு லட்சணம் வேண்டாமா?

சண்டைக்குக் காரணம் 'சமூகக் குறியிடல் மாதிரிகள்' என்ற கட்டுரை. இணையத்தில் ஒரு படத்தையோ புத்தகத்தையோ பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு குறிச்சொல் போட்டு வைக்கிறார்கள். ஒருவர் 'கோயில்' என்பார், ஒருவர் 'கோபுரம்' என்பார். ஆயிரம் பேர் போட்டபின் பார்த்தால், எந்தச் சொல்லுக்கு எத்தனை பங்கு என்பது ஏறக்குறைய மாறாமல் நின்றுவிடுகிறது. யாரும் கூடிப் பேசாமல் இது எப்படி நடக்கிறது என்று விளக்குகிற கணக்குகளைத்தான் மாதிரிகள் என்கிறோம். ஜூன் மாதம் இடது கால் உடைந்து மகள் வீட்டுக்கு வந்து படுக்கையில் கிடந்தபோது நான் தொடங்கிய கட்டுரை. இப்போது அதன் தலையில் ஒரு மஞ்சள் பட்டை ஒட்டியிருக்கிறார்கள்: இம்மாத இறுதிக்குள் மேம்படாவிட்டால் நீக்கப்படும்.

இம்மாத இறுதிக்குள் நான் இன்னொரு பதிலும் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் மூத்தோர் குடியிருப்பு ஒன்றில் அறை பார்த்து வைத்திருக்கிறேன். நானாகத்தான் கேட்டேன். இந்த வீட்டில் யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை.

நவம்பர் 4, செவ்வாய்

மீட்டேன். அழித்தான். மீட்டேன். உளுந்து ஊறப்போட மறந்துவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

இன்று ஹாலில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிசியோதெரபி பெண் சொன்ன பயிற்சியைச் செய்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளை தண்ணீர் எடுக்க வந்தார். நான் வாக்கரைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தேன். மாப்பிள்ளை வந்தால் எழுந்திருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து மரியாதை. என் அம்மா என் வீட்டுக்காரரைப் பார்த்து எழுந்தாள், நானும் எழுகிறேன். நான் பாதி எழுவதற்குள் மனிதர் விருட்டென்று திரும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர்கூட எடுக்கவில்லை.

ஐந்து மாதமாக இதே கதைதான். ஆறுமுகநயினார் என்று வாய் நிறையப் பெயர். வாயைத் திறந்து பேசுவதுதான் கிடையாது. வீட்டிலிருந்தபடியே ஏதோ கம்பெனிக்கு வேலை பார்க்கிறார், கதவுக்குப் பின்னால் நாளெல்லாம் தட்டச்சுச் சத்தம். கல்யாணத்தின்போதே என் மதினி சொன்னாள், "பையன் ஒரு மாதிரிட்டி, தலைக்கனம் பிடிச்சவன்" என்று. அடுத்து என் தங்கை சொன்னாள். பிறகு ஊரே சொன்னது. தப்பாகவா சொல்லியிருப்பார்கள்?

அவரிடம் நான் நேராகப் பேசுவதில்லை. எல்லாம் சுபா வழியாகத்தான்.

"ஏட்டி, சாப்பாடு ஆறுதுன்னு சொல்லு."

"இங்கேருந்து கூப்பிட்டா அவருக்கே கேக்கும்மா. நான் என்ன போஸ்ட்மேனா?"

பெற்ற மகளுக்கு வாய் இத்தனை நீளம்.

நவம்பர் 9, ஞாயிறு

உரையாடல் பக்கத்தில் தயிர்வடை பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறான். கட்டுரை பற்றிய சண்டையைப் போட அந்தக் களஞ்சியத்தில் தனி இடம் உண்டு. அதற்குத்தான் உரையாடல் பக்கம் என்று மரியாதையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நான் எழுதியிருந்தது கலச மாதிரி. ஒரு கலசத்தில் பல நிறப் பந்துகள். கண்ணை மூடி ஒன்றை எடு. அதைத் திரும்பப் போடு, அதே நிறத்தில் இன்னொன்றும் சேர்த்துப் போடு. எது அதிகம் இருக்கிறதோ அது மேலும் அதிகமாகும். குறிச்சொல்லும் அப்படித்தான்: முன்னால் வந்தவன் போட்டதைப் பார்த்துப் பின்னால் வந்தவன் போடுகிறான். இதைச் சூத்திரத்தோடு எழுதியிருந்தேன். அதைத்தான் அழித்துக்கொண்டே இருக்கிறான்.

'முகடு ஐயா' என்று தொடங்கியிருக்கிறான். என்னை ஆம்பளை என்று முடிவே கட்டிவிட்டான். 'ஐயா, சூத்திரத்தை முதல் வரியிலேயே போட்டால் படிக்கிறவர் ஓடிவிடுவார். மேலும் எல்லோருமே அடுத்தவரைப் பார்த்துத்தான் சொல் போடுகிறார்களா? தாமிரபரணியின் படத்துக்கு முதல் ஆள் ஆறு என்று போடுவார். அதைப் பார்த்து நூறு பேர் ஆறு என்று போடுவார்கள். ஆனால் அங்கே குளித்தவன் ஒருவன் வந்தால் குறுக்குத்துறை என்று படித்துறையின் பெயரைப் போடுவான். அந்தச் சொல் கலசத்தில் இல்லை. அவன் பொருளைப் பார்த்தான், தான் அறிந்ததிலிருந்து எடுத்தான். இதையும் சேர்க்கிற மாதிரிகள் இருக்கின்றனவே?'

இருக்கின்றன. எனக்குத் தெரியாதா? பின்னால் எழுதுவதாக இருந்தேன். குறுக்குத்துறை என்கிறானே, நம் ஊர்க்காரன் போல. அதற்காகவெல்லாம் விட்டுக்கொடுக்க முடியாது. 'சான்று தேவை' என்று மட்டும் எழுதிவிட்டு, கூடவே 'உங்கள் விடைத்தாள் என்னிடம் வந்திருந்தால் முப்பத்தைந்து தேறியிருக்காது' என்றும் சேர்த்தேன். பிறகு அதற்கு நானே வருத்தப்பட்டேன். ஐந்து நிமிஷம்.

நவம்பர் 12, புதன்

பெருமழை. தெருவில் விடிந்ததிலிருந்து மின்சாரம் இல்லை, இணையமும் இல்லை. சாயங்காலம் மாப்பிள்ளை எமர்ஜென்சி விளக்கைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். ஒரே விளக்குதான் இருக்கிறது என்று பிறகு சுபா சொன்னாள். அவர்கள் இருவரும் அறையில் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கொடுத்ததைச் சிரித்த முகத்தோடு கொடுத்தால் என்ன குறைந்துபோகும்?

மின்சாரம் வந்ததும் முதல் வேலையாகப் பார்த்தேன். தயிர்வடையும் இன்று ஒரு வரி எழுதவில்லை. அவனுக்கு என்ன கேடு வந்ததோ.

நவம்பர் 15, சனி

மாப்பிள்ளை ஆபீஸ் வேலையாக பெங்களூர் போயிருக்கிறார், மூன்று நாள். வீட்டில் மூச்சு விட இடம் கிடைத்தது. சோபாவில் காலை நீட்டிப் படுத்தேன், சத்தமாக டி.வி. வைத்தேன்.

கட்டுரை மட்டும் அநாதையாகக் கிடக்கிறது. தயிர்வடை 'பயணத்தில் இருக்கிறேன் ஐயா, வந்து பதில் எழுதுகிறேன்' என்று ஒற்றை வரி. பயணமாம். பெரிய கலெக்டர் உத்தியோகம்! அவன் இல்லாத நேரம் பார்த்துச் சூத்திரத்தை முதல் வரியிலேயே போட்டுவிடலாம்தான். போட்டேன். படித்துப் பார்த்தேன். முதல் வரியில் சூத்திரம் நிஜமாகவே கண்ணில் குத்துகிறது. யாரும் பார்ப்பதற்குள் நானே எடுத்துக் கீழே வைத்துவிட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

தயிர்வடை திரும்பி வந்துவிட்டான். மாப்பிள்ளையும் நேற்றே வந்தாயிற்று, கதவும் மூடியாயிற்று.

இன்று அநியாயம் ஒன்று நடந்தது. கட்டுரையை எப்படி அமைப்பது என்று உரையாடல் பக்கத்தில் கருத்துக் கேட்டிருந்தார்கள். நான் ஒரு பக்கம், தயிர்வடை ஒரு பக்கம். எங்கிருந்தோ 'கொடுக்காப்புளி' என்று ஒரு புதுப் பயனர் முளைத்து, 'தயிர்வடை சொல்வதே சரி' என்று எழுதிவிட்டுப் போய்விட்டது. கணக்குத் தொடங்கி இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஒருவனே இரண்டு பெயரில் வந்து தனக்குத் தானே கைதட்டிக்கொள்வதற்கு அங்கே கைப்பாவை என்று பெயர். பெரிய குற்றம்.

பரீட்சை ஹாலில் பிட் அடித்தவர்களை எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன்! என்னிடமா? நிர்வாகிக்குப் புகார் எழுதிவிட்டேன். எந்தக் கணக்கு எந்த இணைய இணைப்பிலிருந்து வருகிறது என்று சோதிக்கும் உரிமை சிலருக்கு உண்டு. சம்பந்தப்பட்ட எல்லோரையும் சோதியுங்கள் என்று கொட்டை எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

நவம்பர் 20, வியாழன்

சுபா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, நீ நெசமாவே போகத்தான் போறியா?"

"ஆமா."

"ஏன்?"

"அங்க லைப்ரரி இருக்கு. நடக்க இடம் இருக்கு. என் வயசு ஆளுங்க இருக்காங்க."

"நீ என்னைக்கு உன் வயசு ஆளுங்ககிட்ட பேசியிருக்க?"

"மாப்பிள்ளை என்ன சொல்லுதாரு?"

"அவர் ஒண்ணும் சொல்லல. அத்தை இஷ்டம்னாரு."

"பிறகென்ன? அதான் பதில்."

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். மீதி வெண்டைக்காயை நான்தான் நறுக்கினேன். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. காய் முற்றல்.

நவம்பர் 21, வெள்ளி

நான் தடை செய்யப்பட்டிருக்கிறேன்!

முடிவு காலையில் வந்தது. கொடுக்காப்புளிக்கும் தயிர்வடைக்கும் யாதொரு தொடர்பும் இல்லையாம்; அது ஏதோ ஊரில் உள்ள யாரோ. ஆனால் 'பயனர் முகடும் பயனர் தயிர்வடையும் பல மாதங்களாக ஒரே வீட்டு இணைப்பிலிருந்து எழுதிவருகிறார்கள். ஒருவரே இரு பெயரில் சண்டையிட்டு ஏமாற்றியதாகக் கருத இடமுள்ளதால் இரு கணக்குகளும் தடை செய்யப்படுகின்றன.'

புகார் கொடுத்தவளையே பிடித்து உள்ளே போடுகிற நியாயம் எங்கே இருக்கிறது? சட்டென்று புரிந்தது. யாரோ நம் வைஃபையைத் திருடுகிறார்கள். மாடி வீட்டுக்காரன்தான், அவன் முழியே சரியில்லை.

"ஏ சுபா! யாரோ நம்ம வைஃபையத் திருடுதாங்கட்டி!" என்று கத்தினேன்.

அதே சமயம் அறைக் கதவு திறந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது. இந்த வீட்டில் அவர் குரலை அத்தனை பெரிதாக நான் கேட்டதே இல்லை.

"சுபா! எவனோ நம்ம இணைப்புல புகுந்து என் கணக்க முடக்கிட்டான்! முகடுன்னு ஒரு ஆளு, மகா சண்டைக்காரன்..."

சுபா சமையலறை வாசலில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். எனக்கு அவளை அறையலாம் போலிருந்தது.

நவம்பர் 22, சனி

மாப்பிள்ளைதான் தயிர்வடை.

மழை அன்று அவனும் எழுதவில்லை. பெங்களூர் போனபோது அவனும் பயணத்தில் இருந்தான். இரண்டு வரிசைகளுக்கும் உள்ள ஒட்டுறவைக் கண்டுபிடிப்பதுதான் முப்பத்திரண்டு வருஷமாக நான் சம்பளம் வாங்கிய வேலை. முதல் வருஷப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். வெளியே சொன்னால் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள்.

"தயிர்வடைன்னு ஒரு பேரா?" என்று சுபாவிடம் எரிந்து விழுந்தேன்.

"அவருக்குத் தயிர்வடைன்னா உசுரும்மா. வாரம் ஒருதரம் செய்யுதேனே, யாருக்குன்னு நெனச்ச?"

தெரியாது. அவருக்கு என்ன பிடிக்கும் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 24, திங்கள்

தடையை நீக்க, இருவரும் தனித்தனி ஆள் என்று விளக்கம் எழுத வேண்டும் என்று நிர்வாகி கேட்டிருந்தார். அதற்காக மாப்பிள்ளை மடிக்கணினியோடு ஹாலுக்கு வந்தார். நான் வாக்கரைப் பிடித்தேன்.

"எந்திரிக்காதீங்க அத்தை!"

அதட்டல் போலவே இருந்தது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"நீங்க ஒவ்வொரு தடவையும் அந்தக் காலை ஊனி எந்திரிக்கிறிய. வலிக்குதுன்னு மூஞ்சியிலேயே தெரியுது. சொன்னா சங்கடப்படுவியன்னுதான் நான் இந்தப் பக்கமே வாரதில்ல."

ஐந்து மாதம். அந்த மனிதர் தன் வீட்டு ஹாலிலேயே உட்காரவில்லை. தண்ணீர் எடுக்க வந்தவர் எடுக்காமல் திரும்பினார். "அந்த மூணாவது பத்தியில நீங்க போட்ட சான்று செல்லாது" என்றேன்.

"எந்தப் பத்தி?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பிறகு பேசினோம். சுபா இல்லாமல், நேராக. கட்டுரையைப் பற்றித்தான். அவர் மெதுவாக, "முப்பத்தஞ்சு தேறாதுன்னு எழுதினது நீங்கதானா அத்தை?" என்று கேட்டார். "நாப்பது போட்டிருப்பேன்" என்றேன். அவருக்குச் சிரிக்கத் தெரிகிறது. கன்னத்தில் குழிகூட விழுகிறது. மதினி இதைச் சொல்லவே இல்லையே.

நவம்பர் 26, புதன்

தடை நீங்கியது. 'இவ்வளவு சண்டையை ஒரே ஆள் தனக்குள் போட்டுக்கொள்ள முடியாது என்பதால் விளக்கம் ஏற்கப்படுகிறது' என்று நிர்வாகி எழுதியிருக்கிறார். குசும்பு. ஒரு நிபந்தனையும் உண்டு: இருவரும் ஒரே வீட்டில் இருப்பதை அவரவர் பயனர் பக்கத்தில் அறிவிக்க வேண்டும், வாக்கெடுப்பில் ஒருவர்தான் கலந்துகொள்ள வேண்டும்.

"இன்னும் நாலு நாள்தானே" என்றேன் மாப்பிள்ளையிடம். "நான் கோயம்புத்தூர் போயிட்டா இணைப்பு வேற ஆயிரும். அப்புறம் நிபந்தனையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அவர் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பக்கத்தில் நான் எழுதியது: 'நானும் பயனர் தயிர்வடையும் தற்காலிகமாக ஒரே வீட்டில் வசிக்கிறோம்.'

நவம்பர் 28, வெள்ளி

இரண்டு நாளாக ஹாலில் ரணகளம். சுபா காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். முதலில் தாமிரபரணி வருகிறது, அதன்பின் கலசம், அதன்பின் சூத்திரம், கடைசியாகப் பார்த்துப் போடுவதையும் அறிந்து போடுவதையும் சேர்க்கிற மாதிரி. உரைநடை அவருடையது, கணக்கு என்னுடையது. குறுக்குத்துறைக்குச் சான்று கிடைக்கவில்லை, எடுத்துவிடலாம் என்று அவரே சொன்னார். நான்தான் 'உதாரணத்துக்குச் சான்று எதற்கு' என்று தடுத்தேன். இன்று மதியம் மஞ்சள் பட்டையை எடுத்துவிட்டார்கள். கட்டுரை பிழைத்தது.

சுபா கொண்டாடுவதற்குத் தயிர்வடை செய்தாள். எனக்குக் காராபூந்தி தூவி ஒன்று. நன்றாகத்தான் இருந்தது.

பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தேன். நாளை துணி மடிக்க வேண்டும். மடிக்கக் கை ஓடவில்லை. எனக்குப் போக மனசில்லை. இதைச் சொல்ல இந்த வீட்டில் யாரும் என்னைக் கேட்கவில்லையே, நானாக எப்படிச் சொல்வது?

நவம்பர் 29, சனி

ஒருவருடைய பயனர் பக்கத்தில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. அது களஞ்சியத்தில் எழுதப்படாத மரியாதை. அடுத்தவர் வீட்டு அடுப்படியில் புகுந்து டப்பாவை மாற்றி வைப்பது போல. அப்படியிருக்க, இன்று காலையில் என் பக்கத்தைத் திறந்தால், தயிர்வடை அதில் கை வைத்திருக்கிறார்.

ஒரே ஒரு சொல்லை எடுத்திருக்கிறார். இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: 'நானும் பயனர் தயிர்வடையும் ஒரே வீட்டில் வசிக்கிறோம்.'

மாற்றத்துக்குக் காரணம் எழுதுகிற கட்டத்தில் எழுதியிருக்கிறார்: 'தற்காலிகமாக என்பதற்குச் சான்று இல்லை. நீக்கப்பட்டது.'

பக்கத்திலேயே 'மீளமை' என்று பொத்தான் இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் சொல் பழைய இடத்துக்கு வந்துவிடும். இந்த மாதம் முழுக்க அந்தப் பொத்தானை எத்தனை தடவை ஆத்திரத்தோடு தட்டியிருக்கிறேன். கோபம் வந்தது, வராமல் இல்லை. கேட்காமல் கை வைத்தால் கோபம் வராதா?

வாக்கரை எடுத்துக்கொண்டு போய் அவர் அறைக் கதவைத் தட்டினேன். இந்த வீட்டுக்கு வந்து முதல் தடவை.

"என் பக்கத்துல கை வச்சது யாரு?"

"நான்தான் அத்தை."

"கேக்காமலா?"

"கேட்டா வேண்டாம்பிய."

"அத்தை இஷ்டம்னு சொன்னவருதானே நீங்க?"

"அது நீங்க போகணும்னு ஆசைப்படுதியன்னு நெனச்சிச் சொன்னது." என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "பிடிக்கலன்னா மாத்திருங்க. நான் மறுபடி எடுப்பேன்."

நவம்பர் 30, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. என்றைக்கு வருகிறீர்கள் அம்மா, அறையைச் சுத்தம் செய்து வைக்கட்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். வரவில்லை என்றேன்.

"ஏங்கம்மா? ஏதாச்சும் காரணம் எழுதோணுமுங்களே" என்றாள்.

ஹாலில் மாப்பிள்ளை, சுபா, இரண்டு பேரும் இருந்தார்கள். நான் எழுந்திருக்காமல், காலை நீட்டி உட்கார்ந்தபடியே, ஊருக்கே கேட்கும்படி சொன்னேன்.

"எங்க மாப்பிள்ளை விடமாட்டேங்காருன்னு எழுதிக்கோம்மா."